தாத்தாவின் இரட்டைக் குழலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் கன்ஸ்மித்தும்

தாத்தாவின் பழைய துப்பாக்கியைச் சரிசெய்ய, தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே இருக்கும் வெருலத்திலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு நான்கு தடவை போய் வந்தேன். ஒரு தடவைக்குப் போக வர ஏறக்குறைய 200 கிலோமீட்டர். கையிலிருந்து கொடுத்தது 4,350 ராண்ட். மூன்று வாரம் என்று சொன்ன வேலை ஏழு வாரம் இழுத்தது. ஆனாலும் துப்பாக்கி பழுதுபார்க்கும் அந்த கன்ஸ்மித்தைப் பற்றி நான்கு பேருக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். தாத்தா காலத்துத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கும் நம் ஆட்கள் வட கரையில் இன்னும் இருக்கிறார்கள். அதன் கட்டையை, அதாவது தோளில் அணைக்கும் மரப்பகுதியை, யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல், கிடைத்த இடத்தில் கொடுத்துக் கெடுத்த குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று.

கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு பட்டறை, அவ்வளவுதான். தன் பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. மெரபேங்கில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, நாற்பதைத் தாண்டியவர். பேசுவது ஆங்கிலம், நடுநடுவே தமிழ் வரும். என்னை அங்கிள் என்றார், நான் தம்பி என்றேன். சுவரில் கன்ஸ்மித் உரிமம் மாட்டியிருக்கிறது. முதலில் அதைப் படித்துவிட்டுத்தான் துப்பாக்கி உறையைத் திறந்தேன். அவரும் என் உரிமத்தைக் கேட்டு வாங்கி, வரிசை எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் துப்பாக்கியைத் தொட்டார்.

துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்டேஞ்சருக்கு வடக்கே டார்னல் பக்கம் தாத்தாவுக்குக் கொஞ்சம் கரும்பு இருந்தது. 1958இல் வாங்கிய துப்பாக்கி இது. பர்மிங்ஹாமில் செய்தது, குழல் அளவு 12 போர், இரண்டு குழல்களும் அருகருகே படுத்திருக்கும் வகை. ராத்திரியில் கரும்பைச் சாய்த்துவிட்டுப் போகும் காட்டுப்பன்றிக்காக வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு எப்போதாவது ஒரு கினிக்கோழியும் அதில்தான் விழுந்தது. அவருக்குப் பிறகு அப்பா. அப்பா போன பிறகு என் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தேன். வாரிசு என்பதால் மட்டும் துப்பாக்கி நம் கைக்கு வந்துவிடாது. 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தகுதிச் சான்றிதழும் வேண்டும், என் பெயரிலேயே தனி உரிமமும் வேண்டும். அது வரும்வரை ஒரு டீலரின் பெட்டகத்தில் கிடந்தது. கைக்கு வந்த அன்று வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன், மனசு கஷ்டமாகிவிட்டது.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் அப்பா ஒரு கடையில் கொடுத்துப் புதுசு மாதிரி ஆக்கித் தரச் சொல்லியிருந்தார். அந்தக் கடையின் பெயர் இங்கே வேண்டாம். செய்தது என்ன என்று மட்டும் சொல்கிறேன். கட்டையைக் கழற்றாமலேயே, இரும்பின் ஓரம்வரை தடிமனான பாலியூரித்தேன் வார்னிஷை ஏற்றிவிட்டார்கள். பிடியில் கை வழுக்காமல் இருக்க வெட்டியிருந்த செக்கரிங் கோடுகளுக்குள்ளும் வார்னிஷ் போய் உறைந்து, பிடி கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. ஒரு ஸ்க்ரூவைத் திறக்கப் பார்த்துத் தலையைக் கடித்து வைத்திருந்தார்கள். நம் கடலோர ஈரப்பதத்தில் அந்த வார்னிஷ் வெள்ளை பூத்து, ஓரங்களில் பாம்புச் சட்டை போல உரிந்துகொண்டிருந்தது.

நான் ஜேக்கப்ஸில் மரச்சாமான் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன். கியாத், இம்புயா, ஓக், வால்நட் எல்லாம் இந்தக் கையில் ஓடியிருக்கிறது. மரத்துக்கு நான் பயப்படுவதில்லை. ஆனால் இரும்பிலிருந்து மரத்தைப் பிரிக்கும் வேலை எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி நடிக்கவும் மாட்டேன். அதனால்தான் அவரிடம் முதலிலேயே கேட்டேன்: கழற்றி மாட்டுவது நீங்கள், மர வேலை நான், சம்மதமா? பல கன்ஸ்மித்துகள் இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இவர் என் கையை வாங்கிப் பார்த்தார். கட்டைவிரல் காய்ப்பைத் தடவிவிட்டு, சரி அங்கிள் என்றார்.

கழற்றுவதை நான் பக்கத்தில் நின்று பார்க்க விட்டார். இதற்கே கொடுத்த பணம் தகும். குழலைத் திறந்து, தோட்டா உட்காரும் இரண்டு அறையிலும் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார், பிறகு என்னையும் விட்டுப் பார்க்கச் சொன்னார். அப்புறம் ஸ்னாப் கேப் எனும் வெற்றுத் தோட்டாக்களைப் போட்டு மூடி, இரண்டு விசையையும் இழுத்தார். அடுத்து குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றி எடுத்துவிட்டுத்தான் குழலைத் திறந்தார். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. 1875இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையில் ஆன்சன், டீலி என்ற இருவர் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. குழல் கீழே சாயும்போது முன்கட்டையின் இரும்புதான் உள்ளே இருக்கும் நெம்புகோல்களை அழுத்தி, சுத்தியல்களை ஏற்றும். முன்கட்டை இல்லாமல் திறந்தால் சுத்தியல் ஏறாது, ஸ்பிரிங்குகள் தளர்ந்த நிலையிலேயே இருக்கும். இறுகிய ஸ்பிரிங்கோடு கட்டையைப் பிரிக்க அவர் விரும்பவில்லை. இதையெல்லாம் செய்துகொண்டே சொன்னார்.

பிரித்த குழலின் அடிக்கொக்கியில் ஒரு விரலை மாட்டித் தொங்கவிட்டு, விரல் கணுவால் தட்டினார். பூஜை மணி போல நீண்டு ஒலித்தது. இரண்டு குழலையும் சேர்க்கும் பட்டியில் பற்று விட்டிருந்தால் சத்தம் செத்துப்போய் வருமாம். அடியில் இருந்த முத்திரைகளையும் காட்டினார். கிரீடத்துக்குக் கீழே பி.என்.பி. (பர்மிங்ஹாம் நைட்ரோ சோதனை), பக்கத்தில் அறையின் நீளம் 2½ அங்குலம், அழுத்தம் 3 டன். 1813இல் ஏற்பட்ட பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் முத்திரை, 1954க்குப் பிறகு வந்த முறை. இதில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் தோட்டாவின் நீளம். இந்தத் துப்பாக்கியின் அறை 65 மில்லிமீட்டர். இன்று கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 70. அது உள்ளே போய்விடும், குழலும் மூடிவிடும். ஆனால் சுடும்போது தோட்டாவின் மடிந்த வாய் விரிய இடம் போதாமல் அழுத்தம் ஏறிவிடும். இதை நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். அப்பாவின் அலமாரியில் மிச்சமிருந்த பெட்டியின் மேல் 70 என்று போட்டிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் அதைத் தனியாக எடுத்துப் பூட்டி வைத்தேன்.

ஸ்க்ரூக்களுக்குத்தான் அதிக நேரம் ஆனது. பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளில் ஸ்க்ரூத் தலையின் பிளவு மிகக் குறுகலாக இருக்கும். நம் வீட்டுத் திருப்புளியின் நுனி ஆப்பு மாதிரி சரிந்திருப்பதால் பிளவின் மேல் விளிம்பில்தான் நிற்கும், அழுத்தித் திருப்பினால் ஏறி வழுக்கிவிடும். முந்திய கடையில் தலையைக் கடித்தது இப்படித்தான். இவர் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் திருப்புளியின் நுனியைச் சாணையில் பிடித்து, இரண்டு பக்கமும் இணையாக வரும்படித் தேய்த்து, பிளவின் அடிவரை இறங்கிப் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே திருப்பினார். ஏழு நுனிகள் எண்ணினேன். கடிபட்டிருந்த ஸ்க்ரூ அசையவே இல்லை. துரு இளக்கும் எண்ணெய் விட்டு, சூடான சால்டரிங் அயர்னைத் தலையில் கொஞ்ச நேரம் வைத்தார். பிறகு நுனியைத் துளையிடும் மெஷினின் வாயில் கவ்வவிட்டு, மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, மெஷினின் கைப்பிடியால் கீழே அழுத்திக்கொண்டே, கவ்வியைக் கையால் திருப்பினார். நுனி மேலே ஏற வழியே இல்லை. ஒரு சின்ன முனகலோடு இளகியது. முப்பத்திரண்டு வருஷத் தொழிலில் எத்தனை ஸ்க்ரூவை உடைத்துத் தோண்டி எடுத்திருக்கிறோம், இந்த யோசனை ஒருவருக்கும் வரவில்லையே என்று நினைத்தேன்.

ஓர் அட்டையில் துப்பாக்கியின் உருவத்தை வரைந்து, ஸ்க்ரூ வந்த இடத்திலேயே குத்தி வைத்தார். ஒவ்வொன்றும் தன் துளைக்கே போக வேண்டும். கடைசிச் சுற்றில் பிளவுகள் எல்லாம் குழலின் திசையில் நேராக நிற்கும்படி அந்தக் காலத்தில் ஒவ்வொன்றாக இழைத்து அமைத்திருக்கிறார்கள். ஒன்று மாறினால் அந்த வரிசை போய்விடும். விசைக்காப்பின் வாலில் இருந்த மர ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு, காப்பையே சுற்றித் திருகிக் கழற்றினார், அதன் முன்பக்கம் தகட்டில் மரையோடு இருந்தது. மேல் நெம்புகோலை ஒதுக்கி அதன் அடியில் ஒளிந்திருந்த ஸ்க்ரூ, பிடி வழியாக மேலிருந்து கீழே இறங்கும் நீள ஸ்க்ரூ, பிறகு விசைத் தகடு. எல்லாம் வந்ததும் கட்டையை அசைக்காமல், முறுக்காமல், நேராகப் பின்னால் இழுத்தார். வால்நட் கட்டையின் தலைப்பகுதியில் இரும்பை அணைத்து நிற்கும் இரண்டு மெல்லிய கொம்புகள் உண்டு. பக்கவாட்டில் ஆட்டினால் முதலில் உடைவது அவைதான். உள்ளே இருந்த பூட்டு வேலைகளை அவர் தொடவே இல்லை. கேட்டதற்கு, நன்றாக வேலை செய்கிறதை எதற்குப் பிரிக்கணும் அங்கிள் என்றார்.

குழலும், பூட்டு வேலைகள் இருக்கும் இரும்பு உடலும் அவருடைய பெட்டகத்துக்குப் போயின. சட்டப்படி முக்கிய பாகம் என்று கணக்கில் வருவது அவைதான். கட்டையையும் முன்கட்டையையும் மட்டும் ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அனுப்பும்போது இரண்டு நிபந்தனை போட்டார். இரும்பு உட்காரும் ஓரத்தில் உப்புத்தாள் படக் கூடாது, ஏனென்றால் மரம் இரும்பைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்க வேண்டும், தேய்த்தால் அது பள்ளமாகிவிடும். இரண்டாவது, எதிர்பாராதது எதைப் பார்த்தாலும் கையை எடுத்துவிட்டுப் போன் செய்ய வேண்டும்.

வார்னிஷை ரசாயன நீக்கியால் இளக்கி, மூங்கில் சீவலால் வழித்தேன். செக்கரிங்கில் பல் தேய்க்கும் பிரஷ்தான். அடியில் இருந்த வால்நட்டைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். பிடியிலிருந்து அடிவரை கறுப்பு ரேகைகள் புகை மாதிரி ஓடின. இதை ஏன் மூடினார்கள்? ஆனால் தலைப்பகுதி தார் பூசியது போல் கறுத்து மெத்தென்று இருந்தது. அறுபது வருஷமாகத் துப்பாக்கியை வாய் மேலே நோக்கி நிறுத்தி வைத்தால், குழலுக்கும் உடலுக்கும் போடும் எண்ணெய் மெல்ல இறங்கி அந்த இடத்தில்தான் சேரும். இப்போது என் பெட்டகத்தில் வாய் கீழே நோக்கி நிற்கிறது, அடியில் ஒரு துணி மடிப்பு. அந்த எண்ணெயை வெளியே இழுக்க சாக் பவுடரை அசிட்டோனில் குழைத்து அப்பினேன். காய்ந்து வெளுக்கும், பிறகு எண்ணெயை உறிஞ்சிப் பழுப்பாகும், தட்டிவிட்டு மறுபடி அப்ப வேண்டும். ஒன்பது நாள் செய்தேன். எட்டாம் நாள்தான் பொடி வெள்ளையாகவே நின்றது. அமுங்கிய பள்ளங்களுக்கு ஈரத்துணியைப் போட்டு, மேலே இஸ்திரிப் பெட்டியின் நுனியை வைத்தால் நார் ஊறி எழுந்துவிடும். வெட்டுக்காயம் அப்படி எழாது, அதை அப்படியே விட்டேன்.

வலது பக்கம், கன்னம் படும் மேட்டில், நீக்கி பட்ட இடம் மரம் போல இளகாமல் களி போல இளகியது. மரப்புட்டி. வால்நட் நிறம் கலந்து அப்பியிருந்தார்கள். வழித்ததும் உள்ளங்கை நீளத்தில் ஒரு பள்ளம், அதற்குள் சாய்வாக ஓடும் முரட்டு அரத் தடங்கள். ஏதோ அடிபட்டதை எவனோ அவசரமாக ராவி விட்டிருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. என்ன செய்ய வேண்டும் என்பதும் உடனே தெரிந்தது. பள்ளத்தைச் சதுரமாக்கி, ரேகை பொருந்தும் வால்நட் துண்டு ஒன்றை ஒட்டி, இழைத்து, கண்ணுக்கே தெரியாமல் செய்துவிடலாம். அதற்கான துண்டும் என்னிடம் இருந்தது. இழைப்புளியைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். இரண்டாவது நிபந்தனை ஞாபகம் வந்து போன் செய்தேன். எதையும் தொடாதீங்க, நாளைக்கே எடுத்துட்டு வாங்க என்றார். இரண்டாவது பயணம் அதற்காகத்தான்.

கட்டையை ஜன்னல் பக்கம் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பின்னாலிருந்து, மேலிருந்து, தடங்களின் மேல் விரலை ஓட்டி. பிறகு கேட்டார், உங்க தாத்தா இடது கைக்காரரா?

எனக்குத் தெரியவில்லை. தாத்தா போகும்போது எனக்கு ஏழு வயசு. தொங்காட்டில் இருக்கும் அத்தைக்கு அங்கிருந்தே போன் போட்டேன். அத்தைக்கு 86 வயசு, காது கொஞ்சம் மந்தம், இரண்டு தடவை கத்திக் கேட்க வேண்டியிருந்தது. "ஆமாப்பா, நொட்டாங்கைதான். சோறு மட்டும் வலது கையில சாப்பிடுவாரு, எங்க ஆயா அடிச்சு அடிச்சுப் பழக்கினாங்களாம். கரும்பு வெட்டுற கத்தி, பேனா, எல்லாம் இடது கைதான். எதுக்குக் கேக்குற?"

கன்ஸ்மித் விளக்கினார். இந்தக் கட்டை மேலிருந்து பார்த்தால் வலது பக்கம் லேசாக வளைந்திருக்கிறது. வலது தோளில் வைத்துச் சுடுபவருக்குக் கண் குழலின் நடுக்கோட்டுக்கு வருவதற்காகவே அப்படி வளைப்பார்கள். இடது கைக்காரர் அதே கட்டையை இடது தோளில் வைத்தால் மரம் அவர் கன்னத்தை முட்டித் தள்ளும், கண் நடுக்கோட்டுக்கு வராது. பணமிருப்பவர் கட்டையை எதிர்ப்பக்கம் வளைத்து வாங்குவார். தாத்தா கன்னம் முட்டும் இடத்தை ராவி எடுத்துவிட்டார், எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும். தடங்களின் இடைவெளியைப் பார்த்தால் மர அரம் மாதிரி இல்லை, அதைவிட முரடாக இருக்கிறது என்றார் அவர். மறுபடி அத்தையிடம் கேட்டேன். கோவேறு கழுதைகளுக்குக் குளம்பு ராவும் அரம் ஒன்று கொட்டகையில் தொங்குமாம்.

ஒரு கட்டையை வைத்துக்கொண்டு, நான் சரியாகப் பார்த்திராத மனுஷரின் கையையும் கன்னத்தையும் அந்தத் தம்பி எனக்குச் சொன்னார். நான் ஒரு பகல் பொழுதில் அதை ஒட்டி மூடியிருப்பேன், வேலையும் நன்றாகவே இருந்திருக்கும். இதற்கு அவர் காசு வாங்கவில்லை. துண்டு ஒட்டச் சொல்லியிருந்தால் இன்னும் ஆயிரம் ராண்ட் வேலை அவருக்குக் கிடைத்திருக்கும். அரத் தடத்தின் மேல் உப்புத்தாளே படாமல், எண்ணெய் மட்டும் பூசுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

எண்ணெய் விஷயத்தில் எங்களுக்குள் சின்ன வாக்குவாதம் வந்தது. என் வழக்கம் பர்ச்வுட் கேசியின் ட்ரூ ஆயில். சீக்கிரம் காயும், பளபளப்பு நன்றாக ஏறும், மெல்லப் பூசத் தெரிந்தவனுக்குத் தப்பாகாது. குறைந்த நாளில் முடிக்க வேண்டியவர்களுக்கு இப்போதும் அதைத்தான் சொல்வேன். அவர் தானே தயாரித்த ஆளிவிதை எண்ணெயைக் கொடுத்தார், புட்டி 250 ராண்ட். அல்கனெட் என்ற செடியின் வேரை அதில் வாரக்கணக்கில் ஊற வைத்திருக்கிறார். நம் வீட்டுப் பெண்கள் தலை எண்ணெயில் வேம்பாளம்பட்டையைப் போட்டால் சிவப்பாக இறங்குமே, அதே மாதிரி நிறம். பழைய ஆங்கிலக் கட்டைகளின் உள்ளிருந்து வரும் செம்மை இதனால்தான் என்றார். முதல் பூச்சிலேயே நான் விட்டுக்கொடுத்தேன். கறுப்பு ரேகைகளுக்கு நடுவே மரம் பழுத்த பேரீச்சம்பழம் போலச் சிவந்தது.

ஆனால் பொறுமை வேண்டும். ஈரம் காட்டி, எழும் நாரை 400 உப்புத்தாளால் லேசாக நீவி, மறுபடி ஈரம் காட்டி, பிறகு விரல் நுனியில் நான்கைந்து சொட்டு எடுத்து, உள்ளங்கை சூடாகும்வரை தேய்க்க வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு பூச்சு. பதினாறு பூச்சு ஆனது. நம் ஊர்க் கோடையில் இதைத் தொடங்காதீர்கள், ஈரக் காற்றில் பிசுபிசுத்துக்கொண்டே நிற்கும். நான் ஜூலையில் செய்தேன், குளிர்காலத்துக் காய்ந்த காற்றில் இரவுக்குள் காய்ந்தது. தெருவில் ஆடிக் கூழ் பூஜை நடந்துகொண்டிருந்த வாரங்கள் அவை. பக்கத்து வீட்டுப் பானையிலிருந்து கூழ் வாங்கிக் குடித்துவிட்டுக் கொட்டகைக்குப் போவேன். இன்னொன்று, எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு வரும், சுருட்டிய துணி தானாகவே பற்றிக்கொள்ளும். எங்கள் தொழிற்சாலையில் ஒரு சனிக்கிழமை ராத்திரி அப்படித்தான் ஒரு தொட்டி எரிந்தது. விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீரில் போட்டுவிடுங்கள்.

மூன்றாவது தடவை கட்டையை ஒப்படைத்தேன். நான்காவது தடவை எடுத்து வந்தேன். நடுவில் அவர் செய்தது செக்கரிங்கும் பொருத்துவதும். தேய்ந்துபோன கோடுகளை ஒற்றைப் பல் கருவியால் ஒவ்வொன்றாக ஆழப்படுத்தியிருக்கிறார், அங்குலத்துக்கு 22 கோடு. புதிதாக வெட்டிய கூர்மை இல்லை, பழைய கோடுகள் மறுபடி கையில் தெரிகிற அளவுதான். பொருத்துவதற்கு முன் இரும்பின் முதுகில் விளக்குப் புகைக் கரியைப் படியவிட்டு, கட்டையைத் தள்ளிப் பார்த்திருக்கிறார். மை கூட்டுவதற்குப் படியவிடுவார்களே, அந்த மாதிரிக் கரி. மரத்தில் எங்கெல்லாம் கரி ஒட்டுகிறதோ அங்கெல்லாம் இரும்பு படுகிறது என்று அர்த்தம். சுடும்போது பின்னடி முழுதும் அந்த முகத்தில்தான் விழும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் கட்டை பிளந்துவிடும். என் ஒன்பது நாள் வைத்தியத்தில் இடது பக்கம் கொஞ்சம் சுருங்கியிருந்ததாம், அதைச் சரிக்கட்டி, எண்ணெய் மறுபடி இறங்காமல் தலைப்பகுதியின் உள்ளே மெல்லிய பூச்சும் கொடுத்திருக்கிறார். ஸ்க்ரூ பிளவுகள் எல்லாம் ஒரே திசையில் நிற்கின்றன. கடிபட்ட தலையைத் தட்டிச் சேர்த்து, அரம் போட்டு, மறுபடி நீலமேற்றியிருக்கிறார். எது கடிபட்டது என்று எனக்கே தேட வேண்டியிருந்தது.

குறைகள் இருக்கின்றன. போனை எடுக்கவே மாட்டார். அந்த மரப்புட்டி விஷயத்தில் அவர் எடுத்தது என் அதிர்ஷ்டம், மற்றபடி செய்தி அனுப்பினால் இரண்டு நாள் கழித்துத்தான் பதில். மூன்று வாரம் என்றதில் என் எண்ணெய்ப் பூச்சைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும், கடைசி இரண்டு வாரத் தாமதம் அவருடையதுதான். காரணமும் சொல்லவில்லை. கழற்றிப் பார்ப்பதற்கு முன் விலை சொல்ல மாட்டார், அது நியாயம் என்றாலும் கையில் எவ்வளவு எடுத்துப் போவது என்று தெரியாமல் போக வேண்டியிருக்கிறது. எனக்கு ஆனது: கழற்றி மாட்டியதற்கு 1,900, செக்கரிங்குக்கு 1,600, ஸ்க்ரூக்களுக்கு 600, எண்ணெய்க்கு 250. அட்டை எடுத்துக்கொள்ள மாட்டார், ரொக்கம்தான், ரசீது கொடுக்கிறார்.

மர வேலை தெரியாதவர்கள் முழு வேலையையும் அவரிடமே விட்டுவிடலாம், விலை கூடும், நாளும் கூடும். புதுசு மாதிரி பளபளவென்று வேண்டும் என்பவர்கள் அங்கே போக வேண்டாம், அவர் அப்படிச் செய்து தர மாட்டார். நான் போன வாரம் அத்தையிடம் கட்டையின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். அரத் தடத்தின் மேல் விரலை வைத்து, இந்தப் பக்கம்தான் மூஞ்சிய வெப்பாரு என்றார்.

முன்கட்டையின் தாழ் கொஞ்சம் ஆடுகிறது. அதைச் சரிசெய்ய நவம்பரில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.